உஷார்! அமைதியான தீவுக் கடலில் காவலுக்கு ஆள் கிடையாது

வல்லம் வடகால் சிப்காட்டில் எந்த டீக்கடையில் நின்றாலும், எந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறினாலும், யாராவது ஒருவர் போனில் அந்தமான் படம் காட்டுகிறார். மூன்று இரவு, நான்கு பகல். விமான டிக்கெட், ரூம், படகு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு தொகை. பத்துப் பேரைப் பிடித்துக் கொடுத்தால் பிடித்தவருக்குச் சலுகை. படத்துக்குக் கீழே வழக்கமாக மூன்று வரி: கூட்டமே இல்லாத பீச், ஸ்நார்கலிங் இலவசம், நீச்சல் தெரிய வேண்டியதில்லை.

உஷார்! அந்த மூன்றாவது வரியை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். முதல் வரியும் சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இல்லை. கூட்டமே இல்லாத பீச்சில் உங்களைக் கவனிக்கிற கண்ணும் இருக்காது, கூப்பிட்டால் ஓடிவர ஆளும் இருக்காது, அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய பெரிய ஆஸ்பத்திரியும் இருக்காது.

நான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறவன். பிள்ளைகள் ஊர் சுற்றக் கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை. எட்டு மணி நேரம் லைனில் நின்று, ஓ.டி. பார்த்து, சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் கடல் பார்க்கப் போவதற்கு அவர்களைவிட உரிமை உள்ளவர் யார்? திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, தர்மபுரி என்று வேலைக்கு வந்து சேர்ந்தவர்களில் பலர் முதன்முதலில் கடல் பார்த்ததே மகாபலிபுரத்திலோ கோவளத்திலோதான். 2024 ஆகஸ்டில் இங்கே திறந்த மகளிர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அத்தனை இளம்பெண்களில் நீச்சல் தெரிந்தவர் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. கிணற்றிலும் ஏரியிலும் குதித்து விளையாடிய பையன்களுக்கும் கடல் புதிது. கிணற்று நீர் நின்ற இடத்தில் நிற்கும், கடல் நீர் நகர்ந்துகொண்டே இருக்கும்.

அந்தமான் கடலில் நம் மாவட்டத்து ஆட்கள் ஏற்கெனவே செத்திருக்கிறார்கள். 2014 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை, குடியரசு தின விடுமுறை. இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கிற போர்ட் பிளேருக்கு எதிரே, ராஸ் தீவுக்கும் நார்த் பேக்கும் நடுவே சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்தது. நார்த் பே என்பது பவளப்பாறை பார்க்கவும் ஸ்நார்கலிங் செய்யவும் எல்லோரும் போகிற இடம். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலாவாகக் கிளம்பிப் போனவர்கள். தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதுதான் பெரிய காரணமாகச் சொல்லப்பட்டது. நடுக்கடலில்கூட இல்லை, ஊரின் கண்ணெதிரே நடந்தது.

வல்லம் வடகாலும் அதே காஞ்சிபுரம் மாவட்டம்தான். ஆனால் இன்றைக்கு லைனில் நிற்கிற பலர் 2014-ல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அந்தச் செய்தி அவர்கள் காதுக்கே போகவில்லை. அதனால்தான் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

படகு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு சாய்ந்து 45 பேர் போனார்கள். 2023 மே 7-ல் கேரளத்துத் தானூரில் 22 பேர். ஊர்கள் வேறு, கதை ஒன்றுதான்: படகுக்குத் தாங்காத கூட்டம். ஏறுவதற்கு முன் படகின் பக்கவாட்டிலோ உள்ளேயோ எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தால் தலையை எண்ணுங்கள். எழுதவே இல்லையென்றால் ஏறாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டைப் பெஞ்சுக்கு அடியில் மூட்டையாகக் கட்டிவைத்து, ‘வேணும்னா எடுத்துக்கலாம் சார்’ என்கிற படகிலும் ஏறாதீர்கள். படகு சாயும்போது மூட்டையை அவிழ்க்க யாருக்கும் நேரம் கிடைக்காது. டால்பின், டால்பின் என்று ஒருவர் கத்தினால் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடாதீர்கள். கூட வந்த கூட்டத்துக்கு முன்னால் பயந்தவன் என்று பெயர் வாங்க வெட்கப்பட்டுக்கொண்டு ஏறிவிடுவதுதான் நம் பிள்ளைகளின் வழக்கம். அந்த வெட்கத்தைப் படகுத்துறையிலேயே விட்டுவிடுங்கள். அடுத்த படகு வரும்.

இனி தண்ணீருக்குள் இறங்குகிற கதை. விஷயம் தெரியாமல் உயிர் போவது இங்கேதான்.

ஸ்நார்கலிங் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணையும் மூக்கையும் மூடுகிற ஒரு மாஸ்க், வாயில் கவ்விக்கொள்ள ஒரு குழாய். முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குப்புற மிதந்தபடி கீழே இருக்கிற பவளப்பாறையையும் மீனையும் பார்க்கலாம். ஹேவ்லாக் என்கிற ஸ்வராஜ் தீவில் எலிஃபன்ட் பீச், நீல் என்கிற ஷாஹீத் தீவில் பரத்பூர் ஆகிய இடங்களில் கரையிலிருந்து சற்றுத் தள்ளியதுமே பவளம் தெரிய ஆரம்பித்துவிடும். பார்க்கிறவருக்கு இது விளையாட்டு மாதிரிதான் தெரியும்.

அந்த நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மீன் பார்த்துக்கொண்டிருப்பவர் எப்படி இருப்பார்? குப்புற, முகம் நீருக்குள், கையும் காலும் அசையாமல். நினைவு தப்பி மூழ்கிக்கொண்டிருப்பவர் எப்படி இருப்பார்? குப்புற, முகம் நீருக்குள், கையும் காலும் அசையாமல். கரையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். சினிமாவில் வருவதுபோல் கையைத் தூக்கி ‘காப்பாத்துங்க’ என்று கத்துவதெல்லாம் நடக்காது. வாயில் குழாய் இருக்கும்போது எங்கே கத்துவது? பக்கத்திலேயே நண்பன் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பான், அவனுக்கே தெரியாமல் எல்லாம் முடிந்திருக்கும்.

ஹவாய் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் நீரில் மூழ்கி இறப்பதில் ஸ்நார்கலிங்தான் முதலிடம். அங்கே இதற்கென்றே ஓர் ஆய்வு நடத்தினார்கள். குழாய் வழியாக மூச்சை உள்ளே இழுப்பதற்குச் சாதாரணமாக மூச்சு விடுவதைவிட அதிக முயற்சி வேண்டும். சிலருக்கு அந்த இழுப்பே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக் காரணமாகலாம் என்று அந்த ஆய்வு சொன்னது. திடீரென்று மூச்சு வாங்கும், கை கால் சோர்ந்துபோகும், பிறகு நினைவு மங்கும். அலை அடிக்காத, கால் தட்டுகிற ஆழத்திலேயே இப்படிச் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். எனவே தண்ணீரில் காரணமே இல்லாமல் மூச்சு வாங்கினால் ‘இன்னும் ரெண்டு நிமிஷம்’ என்று இருக்காதீர்கள். குழாயைத் துப்பிவிட்டு, மல்லாந்து திரும்பி, கையைத் தூக்கிக் காட்டி, உடனே வெளியே வாருங்கள். ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் குழாயைக் கவ்வவே கூடாது. அங்கே ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, என்ன நடந்தாலும் என் பொறுப்பு என்பதுதான் பெரும்பாலும் அதில் இருக்கும். படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கம்பெனியில் டேங்குக்குள் ஒருவர் இறங்கினால் என்ன செய்கிறோம்? பெர்மிட் போடுகிறோம். மேன்ஹோலுக்கு வெளியே ஒருவரை நிறுத்துகிறோம். அவருக்கு வேறு வேலை கிடையாது, போன் கிடையாது, டீ குடிக்கப் போகக் கூடாது. உள்ளே இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான் அவர் வேலை. இதை மனப்பாடமாகச் சொல்கிற அதே பிள்ளைகள், டூர் போனதும் பத்துப் பேரும் ஒன்றாகக் கடலில் இறங்கிவிடுகிறார்கள். கடலிலும் அதே விதியைப் பிடியுங்கள். இரண்டிரண்டு பேராக ஜோடி சேருங்கள். ஒருவர் முகத்தை நீருக்குள் வைத்தால் மற்றவர் தலையை வெளியே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கரையில் ஒருவர் தலைகளை எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும். முறை மாற்றிக்கொள்ளலாம், மீன் எங்கேயும் போய்விடாது.

லைஃப் ஜாக்கெட் கொடுத்துவிட்டார்கள் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். முன்பக்கம் பக்கிள் இரண்டோ மூன்றோ இருக்கும், ஒன்றாவது உடைந்திருக்கும். நல்ல ஜாக்கெட்டில் கால்களுக்கு நடுவே கொண்டுவந்து மாட்டுகிற பட்டை ஒன்றும் இருக்கும். கூச்சப்பட்டுக்கொண்டு அதை யாரும் மாட்டுவதில்லை. மாட்டாமல் தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும், ஆள் அதற்குள்ளிருந்து கீழே நழுவுவார். வாயும் மூக்கும் ஜாக்கெட்டின் கழுத்துக்குள் புதைந்துவிடும். போட்ட பிறகு ஜாக்கெட்டின் தோள் பகுதி இரண்டையும் பிடித்து மேலே இழுக்கும்படி நண்பரிடம் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறுகிறது என்றால் அது உங்கள் அளவு இல்லை. குட்டையான, ஒல்லியான பெண்களுக்குப் பெரிய ஜாக்கெட்டை மாட்டி அனுப்புவது எல்லா இடத்திலும் நடக்கிறது. வேறு கேளுங்கள், இல்லை என்றால் இறங்காதீர்கள்.

மாஸ்க்கும் அப்படித்தான். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுத்தால் அது தானாக ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் உள்ளே தண்ணீர் வரும். ஒரே ஒரு முடியிழை ஓரத்தில் சிக்கியிருந்தாலும் அந்த வழியாகக் கசியும். ஆகவே பெண்கள் முன்முடியை முழுக்கப் பின்னுக்குத் தள்ளிக் கட்டிக்கொள்ளுங்கள். அடர்ந்த மீசைக்காரர்கள் மீசைக்கு மேல் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். மாஸ்க்குக்குள் மூக்குக் கண்ணாடி போட முடியாது. கண்ணாடி இல்லாமல் படகு எது, பாறை எது என்று தெரியாதவர்கள் பவர் வைத்த மாஸ்க் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். துப்பட்டா, புடவை, கனமான ஜீன்ஸ் எதுவும் தண்ணீருக்குள் வேண்டாம். முகம் முழுவதையும் மூடுகிற புது மாதிரி மாஸ்க் ஒன்று ஆன்லைனில் மலிவாக விற்கிறது. மட்டமான தயாரிப்பில் வெளியே விட்ட காற்றே உள்ளே தங்கி, அதையே திரும்ப மூச்சாக இழுக்க வேண்டி வரும். அவசரத்தில் சட்டென்று கழற்றவும் முடியாது. தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

நீச்சல் தெரியாதவர் ஸ்நார்கலிங் பார்க்கவே கூடாதா என்று கேட்பீர்கள். பார்க்கலாம். இடுப்பளவு நீரில் நின்றபடி முதலில் குழாயில் மூச்சு விட்டுப் பழகுங்கள். வேண்டுமென்றே குழாய்க்குள் தண்ணீரை விட்டு, ஒரே ஊதலில் அதை வெளியே தள்ளிப் பழகுங்கள். மல்லாந்து மிதக்கப் பழகுங்கள். இந்த மூன்றும் வந்த பிறகு, ஜாக்கெட்டோடு, மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு, கூடவே ஒரு வழிகாட்டி இருந்தால் போகலாம். அந்த இலவச ஸ்நார்கலிங் என்பதே பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிஷம் வளையத்தில் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவதுதான். பலருக்கு அதுவே போதும். அதைப் பார்த்துவிட்டுத் ‘தனியா போய் இன்னும் கொஞ்சம் பாக்கலாம்’ என்று சாயங்காலம் மாஸ்க் வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆளில்லாத கரைக்குப் போவதுதான் ஆபத்து. அதைச் செய்யவே செய்யாதீர்கள். டூருக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கிறது என்றால் வார விடுப்பில் வேளச்சேரி நீச்சல் வளாகம்போல ஓர் இடத்தில் மிதக்கவாவது கற்றுக்கொள்ளுங்கள். டூர் பணத்தில் அதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

நன்றாக நீந்தத் தெரிந்த பையன்களுக்கு ஒரு வார்த்தை. மூச்சை வேகவேகமாக இழுத்து இழுத்து விட்டுவிட்டு, ஒரே முக்கில் அடியில் போய் வருகிறேன் என்று பந்தயம் கட்டாதீர்கள். அப்படிச் செய்தால் மூச்சு முட்டுகிற உணர்வே வராமல், தண்ணீருக்கு அடியிலேயே மயக்கம் வந்துவிடும். கெட்டிக்கார நீச்சல்காரர்கள் இப்படித்தான் சாகிறார்கள்.

நம்மவர்களுக்கென்றே தனியாக ஓர் ஆபத்து உண்டு, அதை டூர்க்காரர் எவரும் சொல்வதில்லை. லீவு வீணாகக் கூடாது என்று நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு மீனம்பாக்கம் போய் விமானம் ஏறுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணம். இறங்கியதும் படகு, படகிலிருந்து கடல். உடம்பு தூங்கி முழுதாக ஒரு நாள் ஆகியிருக்கும். சாப்பாடும் தண்ணீரும் சரியாக இருந்திருக்காது. வெயில் வேறு. அந்த உடம்போடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட எந்த சூப்பர்வைசரும் விட மாட்டார். அதே உடம்போடு கடலில் இறங்கினால் சோர்வும் பதற்றமும் சேர்ந்து வரும். முதல் நாளை ஊர் பார்க்க, செல்லுலர் சிறை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து மறுநாள் காலையில் கடலில் இறங்குங்கள். முந்தைய இரவு குடித்திருந்தால் மறுநாளும் இறங்க வேண்டாம்.

மெரினா, கோவளம் பழகியவர்களுக்கு அந்தமான் கடல் வேறு விதமாகவும் ஏமாற்றும். நம் கரையில் அலை இரைச்சலாக வந்து பயமுறுத்திவிடும், நாமே ஒதுங்கி நிற்போம். அங்கே நீர் தெப்பக்குளம்போல் கிடக்கும். ஆனால் ஓதம் ஏறி இறங்குகிற அளவு அங்கே இரண்டு மீட்டர் வரைக்கும் போகும், சென்னைக் கரையில் அதில் பாதிதான். காலையில் முழங்கால் அளவு இருந்த இடம் மத்தியானம் தலைக்கு மேல் போய்விடும். நீர் வடியும்போது பாறை இடுக்குகள் வழியாக மீனவர்கள் நீவாடு என்று சொல்கிற ஓட்டம் வெளிப்பக்கம் இழுக்கும். குனிந்து மீன் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தான் நகர்வதே தெரியாது. தலை தூக்கிப் பார்த்தால் கரை தூரத்தில் இருக்கும். அப்போது கரையை நோக்கி எதிர்த்து நீந்தித் தெம்பை இழக்காதீர்கள். மிதந்தபடி கையைக் காட்டுங்கள், கரைக்கு இணையாக ஒதுங்கி, இழுப்பு விட்ட பிறகு திரும்புங்கள். சில நிமிஷத்துக்கு ஒரு முறை தலை தூக்கிக் கரையில் ஒரு மரத்தையோ பந்தலையோ அடையாளம் பார்த்துக்கொள்கிற பழக்கம் இருந்தால் இந்த நிலையே வராது.

முதலை உண்டா என்றால், உண்டு. நூறு முறை போனாலும் பார்க்காமல் திரும்பலாம், ஆனால் உண்டு. 2010 ஏப்ரலில் ஹேவ்லாக்கில், ராதாநகர் கடற்கரைக்குப் பக்கத்துச் சிறு வளைவில் ஸ்நார்கலிங் செய்துகொண்டிருந்த 25 வயது அமெரிக்கப் பெண்ணை உவர்நீர் முதலை அடித்துக் கொன்றது. ராதாநகரை 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியிருந்தது. இன்றும் அது அருமையான கரைதான், உயிர்காக்கும் காவலர்களும் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பெண் போனது கூட்டம் இருக்கிற இடத்தைத் தாண்டிய அமைதியான ஓரத்துக்கு. அந்தமான் முதலைகள் சதுப்புக் காட்டு ஓடைகளில் வாழ்பவை, கடலிலும் நீந்தும். ஆகவே ஓடை வந்து கடலில் கலக்கிற முகத்துவாரம், சதுப்புக் காட்டை ஒட்டிய கரை, கலங்கிய நீர், இருட்டுகிற நேரம், இவை எதிலும் இறங்கக் கூடாது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள். வண்டூர்போல வலை கட்டி வைத்திருக்கிற இடத்தில் வலைக்குள்ளேயே குளியுங்கள்.

மற்ற உயிர்கள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: எதையும் தொடாதீர்கள், பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள், வெறுங்காலோடு பாறையில் நடக்காதீர்கள். பவளம் கீறிய புண் லேசில் ஆறாது. கல்லோடு கல்லாகக் கிடக்கிற கல்மீனின் முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஆஸ்பத்திரி என்றதும் ஒன்று நினைவில் இருக்கட்டும். ஹேவ்லாக்கில் இருப்பது சிறிய ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய சிகிச்சைக்கு ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனைக்கு வர வேண்டும். வேகப் படகிலேயே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் படகு ஓடுகிற நேரமாக இருந்தால். இங்கே தண்டலத்திலோ பூந்தமல்லியிலோ ஒரு ஆஸ்பத்திரி கைவிட்டால் அடுத்தது என்று ஓடுகிற வசதி அங்கே கிடையாது. காப்பீடு எடுப்பவர்கள் வாட்டர் ஸ்போர்ட்ஸ் விபத்துக்கும் அது செல்லுமா என்று கேட்டு எடுங்கள். ஸ்கூபா டைவிங்கும் செய்வதாக இருந்தால் கடைசி நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். டைவ் முடிந்து 18 மணி நேரம் முதல் ஒரு நாள் வரைக்கும் விமானம் ஏறக் கூடாது.

வானிலையும் படகை நிறுத்திவிடும். வர்தா புயலை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது, 2016 டிசம்பர் 12-ல் சென்னையைப் புரட்டிப்போட்டது. அது இங்கே வருவதற்கு முன் அந்தமான் பக்கம் உருவாகிக்கொண்டிருந்த நாட்களில் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் படகில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்க் கூட்டி வர வேண்டியதாயிற்று. லீவு முடிகிற அன்றைக்கே திரும்பி மறுநாள் ஏ ஷிஃப்டுக்கு வருகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். லீவு போச்சே, சம்பளம் பிடிப்பார்களே என்கிற பதற்றத்தில்தான் கொந்தளிக்கிற கடலில் கிடைத்த படகில் ஏறத் தோன்றும். ஒரு நாள் கூடுதலாக லீவு சொல்லிவிட்டுப் போங்கள்.

அந்தமானுக்குக் காசு பத்தாது என்று வேறு இடங்களுக்கு வலை விரிப்பவர்கள் இருக்கிறார்கள். மண்டபம், தூத்துக்குடி பக்கம் ஆளில்லாத தீவுக்கு மீன்பிடிப் படகில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம். மாட்டினால் வழக்கு, கடலில் சிக்கினால் தேடி வர யாருக்கும் தகவலே இருக்காது. லட்சத்தீவுக்கு 2024 ஜனவரியில் பிரதமர் போய் ஸ்நார்கலிங் செய்த படம் வந்ததிலிருந்து திடீர் மவுசு. அங்கே நுழையவே முன் அனுமதிச் சீட்டு வேண்டும். அதைக் கண்ணில் காட்டாமல் அட்வான்ஸ் மட்டும் ஜிபேயில் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

திரும்பும்போது சங்கு, பவளத்துண்டு பையில் போட்டுக்கொள்ள ஆசை வரும். கரையில் செத்து ஒதுங்கிய பவளமாக இருந்தாலும் எடுக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது அது. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. விமான நிலைய ஸ்கேனரில் பையைத் திறக்கச் சொல்வார்கள். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு போலீஸ் வழக்கு என்ன செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

டூருக்கு ஆள் சேர்க்கிற லைன் லீடர்களே, ஹாஸ்டல் வார்டன் அக்காமார்களே, உங்களிடம்தான் என் வேண்டுகோள். உங்களை நம்பித்தான் அந்தப் பிள்ளைகள் பணம் கட்டுகிறார்கள். வாங்குவதற்கு முன் டூர்க்காரரிடம் இவ்வளவையும் எழுத்தில் கேளுங்கள்: படகு யாருடையது, அனுமதி எத்தனை பேருக்கு, எல்லோருக்கும் அளவான ஜாக்கெட் உண்டா, தண்ணீரில் எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, அவருக்கு முதலுதவி தெரியுமா, கடல் சரியில்லாமல் படகு நின்றால் பணம் என்ன ஆகும். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் ஒரு பிள்ளையின் பெயரையும் கொடுக்காதீர்கள். போகிறவர்கள் ஒவ்வொருவர் போனிலும் அவசர உதவி எண் 112, கடலோரக் காவல்படை எண் 1554 இரண்டையும் கிளம்புகிற அன்றைக்கே நீங்கள் கூட இருந்து பதிய வைத்து அனுப்புங்கள்.